நைட் டியூட்டி பார்க்கிறவர்களின் ஜெபவேளை

காலை ஏழே முக்கால் மணி. நைட் டியூட்டி முடித்து, ஹேண்டோவர் கொடுத்துவிட்டு ஒரு நர்ஸ் என் அறைக்குள் வந்து நின்றார். லீவு கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து டியூட்டி ரோஸ்டர் நோட்டைத் திறந்தேன். அவர் லீவு கேட்கவில்லை. "சிஸ்டர், நான் ஒழுங்கா ஜெபம் பண்ணி மூணு மாசம் ஆச்சு. சர்ச்சுக்குப் போனா உள்ளே உட்காரவே கூச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

விசாரித்தேன். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஒரு பொருத்தனை, அதாவது தேவனுக்கு ஒரு வாக்கு, செய்திருக்கிறார். தினமும் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம், மூன்று அதிகாரம் வேத வாசிப்பு. ஜனவரி இரண்டாம் வாரம் அவருக்கு நைட் வந்தது. எங்கள் வார்டில் விடியற்காலை 4 மணி என்றால் உட்கார நேரமிருக்காது. சுகர் பார்க்க வேண்டும், காலைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வேண்டும், ஆன்டிபயாடிக் டோஸ் இருக்கும், யூரின் அளந்து சார்ட்டில் ஏற்ற வேண்டும். பொருத்தனை அங்கேயே உடைந்தது. நைட் முடிந்த அடுத்த வாரம் மறுபடியும் 4 மணிக்கு அலாரம் வைத்தார். எழுந்தார். முழங்காலில் நின்றபடியே கட்டிலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். பிப்ரவரியில் அலாரத்தை எடுத்துவிட்டார். அதோடு வேதத்தையும் மூடி வைத்துவிட்டார்.

அன்று நான் அவருக்கு வசனம் எதுவும் சொல்லவில்லை. கேன்டீனிலிருந்து இட்லி வரவழைத்துச் சாப்பிட வைத்தேன். "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு. சாயங்காலம் எழுந்ததும் போன் பண்ணு, பேசுவோம்" என்று அனுப்பி வைத்தேன்.

இருபத்துநான்கு வருஷமாக நர்சிங்கில் இருக்கிறேன். இப்போது ஆறு வார்டுகளுக்கு டியூட்டி போடும் பொறுப்பு. இந்த அழுகையை வேறு வேறு வார்த்தைகளில் பலரிடம் கேட்டிருக்கிறேன். நர்ஸ்கள் மட்டுமல்ல. நைட் ஷிப்ட் பார்க்கும் ஐடி பிள்ளைகள், மில் தொழிலாளர்கள், பஸ் கண்டக்டர்கள், போலீஸ்காரர்கள், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள், எல்லாரிடமும் இதே குற்றவுணர்வு இருக்கிறது. தேவனை நேசிக்கிறார்கள். ஆனால் ஜெபிக்க ஒரே ஒரு சரியான நேரம்தான் உண்டு, அது அதிகாலை என்று நம்புகிறார்கள். அந்த நேரம் தங்களுக்கு வாய்க்காததால் தேவனே தங்களுக்கு இல்லை என்பதுபோல ஒதுங்கிப் போகிறார்கள். இது என்னைக் கலங்க வைக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அதிகாலை ஜெபத்தை நான் குறைவாகப் பேசவில்லை. தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள் நான். விடியும் முன்பே சபை ஊழியரான உபதேசியார் கோயில் மணி அடிப்பார். பாட்டி என்னை எழுப்பி, முகம் கழுவ வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். பனையேறப் போகிறவர்கள் அரிவாளும் கலயமுமாக வாசலோரம் நின்று ஜெபித்துவிட்டுப் போவார்கள். அந்த ஜெபத்தில் வளர்ந்ததால்தான் இன்று நிற்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த ஊரில் எட்டரை மணிக்கெல்லாம் விளக்கு அணைந்துவிடும். பாட்டி நாலரைக்கு எழுந்தது எட்டு மணி நேரம் தூங்கிய பிறகு. இன்று பதினொன்றரைக்கு ஈவினிங் டியூட்டி முடித்து வீடு சேர்ந்து, துணி ஊறவைத்துவிட்டு, பிள்ளையின் யூனிபார்மை அயர்ன் பண்ணிவிட்டு, ஒரு மணிக்குப் படுக்கிற பெண்ணிடம் "நாலு மணிக்கு எழுந்து ஜெபி" என்று சொன்னால், அவள் மூன்று மணி நேரத் தூக்கத்தோடு மறுநாள் ஊசி போடுவாள். பாட்டியின் பழக்கத்தில் எழுகிற நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படுக்கிற நேரத்தை விட்டுவிட்டோம்.

தூக்கத்தைப் பற்றி நர்ஸாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் தேவை. விடியற்காலை 3 முதல் 5 வரை உடம்பின் விழிப்பு அடிமட்டத்துக்கு இறங்கும். மருந்தின் அளவை மாற்றி எழுதுவது, பெயரைச் சரிபார்க்க மறப்பது போன்ற தவறுகள் அந்த நேரத்தில் எளிதாக நடந்துவிடும். நைட் முடித்துப் பகலில் தூங்கும் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. வெளிச்சம், சத்தம், காலிங் பெல், கேஸ் சிலிண்டர்காரர் என்று விட்டுவிட்டுத்தான் வரும். அதிலும் கைவைத்து ஜெபத்துக்கு நேரம் எடுத்தால், அதன் விலையைக் கொடுக்கப்போவது நாம் மட்டுமல்ல, நம் கையில் படுத்திருக்கும் நோயாளியும்தான்.

எனக்கே நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நைட் முடித்த கையோடு உபவாச ஜெபத்துக்கு ஸ்கூட்டியில் போனேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது சிக்னல் தாண்டியதும் கண் சொருகிவிட்டது. எழுந்து பார்த்தபோது சாலையோர மணலில் கிடந்தேன். பின்னால் வந்த வேன்காரர் பிரேக் பிடித்ததால் பிழைத்தேன். சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். தேவன் காப்பாற்றினார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சாட்சியில் "தூங்காமல் வண்டி ஓட்டியது என் தப்பு" என்ற வரியையும் நான் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காமல் விட்டேன்.

வேதம் இதில் நம்மைவிட இரக்கமாக இருக்கிறது. எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் ஜெபித்து வானத்திலிருந்து அக்கினி இறங்கிய அவ்வளவு பெரிய காரியம் முடித்துவிட்டு, சூரைச்செடியின் கீழ் விழுந்து "போதும் கர்த்தாவே" என்கிறான். சாக வேண்டும் என்கிறான். தேவதூதன் வந்து "ஏன் ஜெபிக்கவில்லை" என்று கேட்கவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்குகிறான். தூதன் இரண்டாவது தரமும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான், பிரயாணம் வெகுதூரம் என்று. ஓரேப் மலையில் அவன் கேட்ட தேவனுடைய மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். முதல் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். அன்று அந்த நர்ஸுக்கு நான் இட்லி வாங்கிக் கொடுத்ததன் காரணம் இந்த அதிகாரம்தான்.

இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தைக் காட்டுவார்கள். உண்மைதான். அவர் சாயங்காலத்தில் மலைமேல் தனியாக ஜெபித்ததும் சுவிசேஷத்தில் இருக்கிறது, ராமுழுவதும் ஜெபித்ததும் இருக்கிறது. படகில் தலையணைமேல் தலைவைத்துத் தூங்கியதும் அதே மாற்கில்தான் இருக்கிறது. வேலை எப்படி வந்ததோ அப்படி நேரத்தை எடுத்துக்கொண்டார். தனிமையை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

சரி, ரோஸ்டர் வாரத்துக்கு வாரம் மாறுகிறவர்கள் என்ன செய்வது? என் அனுபவத்தில் பலன் தந்தது ஒன்றுதான். ஜெபத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஒரு செயலோடு கட்டுங்கள். கடிகாரத்தோடு கட்டினால் ஷிப்ட் மாறும்போது அறுந்துவிடும். தினமும் எப்படியும் செய்கிற ஒரு செயலோடு கட்டினால், அந்தச் செயல் காலை ஆறுக்கு வந்தாலும் இரவு எட்டுக்கு வந்தாலும் ஜெபமும் கூடவே வரும். மிஷன் ஆஸ்பத்திரிகளில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. காலை டியூட்டி தொடங்கும் முன் வார்டில் எல்லாரும் நின்று ஒரு பாட்டு, ஒரு வேதபகுதி, ஒரு ஜெபம் என்று ஐந்தே நிமிடம். அது டியூட்டியோடு கட்டிய ஜெபம், அதனால்தான் நின்று நிலைக்கிறது.

எனக்குக் கைகழுவும் பேசின்தான் அந்த இடம். சோப்பு போட்டுக் கைகழுவ 40 முதல் 60 வினாடி எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும். பரமண்டல ஜெபத்தை அவசரப்படாமல் மனதுக்குள் சொன்னால் எனக்குக் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகிறது. "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்னும்போது விரலிடுக்கில் நுரை இருக்கும். "அன்றன்றுள்ள எங்கள் அப்பத்தை" என்னும்போது கட்டைவிரல். "ஆமென்" சொல்லும்போது குழாயை முழங்கையால் மூடுவேன். டியூட்டியில் முதல் தடவை கைகழுவும்போதும், கடைசியாகக் கழுவிவிட்டுக் கிளம்பும்போதும் இதை விடுவதில்லை. கையும் ஒழுங்காகக் கழுவப்படுகிறது. எங்கள் இன்பெக்‌ஷன் கண்ட்ரோல் சிஸ்டர் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார்.

உங்களுக்கு அது வேறாக இருக்கலாம். ஹெல்மெட் மாட்டும் முன் வண்டிமேல் உட்கார்ந்து அரை நிமிடம். ஐடி கார்டைக் கழுத்தில் போடும்போது ஒரு வரி. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு சங்கீதம். எங்கள் கத்தோலிக்க சிஸ்டர் ஒருவர் திரிகால ஜெபத்தில் பகல் 12 மணி ஜெபத்தை நோயாளிகளுக்கு மதியச் சாப்பாட்டு வண்டி வரும் சத்தத்தோடு சேர்த்துவிட்டார். வண்டிச் சக்கரம் வராந்தாவில் கடகடக்கும்போது அவர் உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே போதும். அது ஒரு மாதம் நிலைத்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசிக்கலாம்.

இவ்வளவு சின்ன ஜெபம் ஜெபமாகுமா என்று கேட்பவர்களுக்கு நெகேமியாவைச் சொல்வேன். அவன் ராஜாவின் பானபாத்திரக்காரன், ராஜாவுக்குத் திராட்சரசம் எடுத்துக் கொடுக்கிறவன். டியூட்டியில் நிற்கிறான், ராஜா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "நீ கேட்கிற காரியம் என்ன" என்று ராஜா கேட்டதற்கும் அவன் பதில் சொன்னதற்கும் நடுவில் ஒரு ஜெபம் இருக்கிறது. எத்தனை வினாடி இருந்திருக்கும்? எருசலேமின் இடிந்து கிடந்த அலங்கம், அதாவது நகர மதில், அதிலிருந்துதான் எழும்பியது. ஆனால் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வினாடி ஜெபத்துக்கு முன்னால், முதல் அதிகாரத்தில், அவன் நாட்கணக்காக உபவாசித்து அழுது ஜெபித்திருக்கிறான். சின்ன ஜெபங்கள் மட்டுமே வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட முடியாது. அவை உயிரைப் பிடித்து வைக்கும், வளர உட்கார வேண்டும். வார ஆஃப் வருகிற நாளில், தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். அந்த முக்கால் மணி நேரத்துக்காக வீட்டில் பேசி வையுங்கள்.

வேத வாசிப்புக்கும் அதே கதைதான். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களும் ஒரு வருஷத்தில் முடியும் என்று சிறுவயதிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல கணக்கு. ஆனால் ஜனவரி 1-ஆம் தேதி ஆரம்பிக்கிறவர் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 முடித்து, ஜனவரி கடைசி வாரம் லேவியராகமத்தின் பலிமுறைகளில் வந்து நிற்பார். அந்த வாரம் நைட் டியூட்டியும் சேர்ந்தால் புத்தகம் மூடிவிடும். ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு வேறு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று. 52 வாரத்தில் சரியாக முடிந்துவிடும். இரண்டு நாள் விடுபட்டாலும் குற்றமில்லை, அந்த இரண்டு நாள் கணக்கிலேயே இல்லை. நைட் வாரத்தில் அதுவும் முடியாவிட்டால் சங்கீதம் 134 போதும். மூன்றே வசனம். இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரரைப் பார்த்து, கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள் என்று சொல்கிற சங்கீதம் அது. ஆலயத்திலும் நைட் டியூட்டி இருந்திருக்கிறது என்று நான் முதலில் கவனித்தது ஐசியூவில் ஒரு இரவில்தான். அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் "இன்றைய வாக்குத்தத்தம்" என்று பதினைந்து படம் வந்து கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஆமென் போட்டு, நான்கு குரூப்புக்கு அனுப்பிவிட்டு, ஜெபித்துவிட்டோம் என்ற நிறைவோடு கிளம்பிவிடுகிறோம். சாயங்காலம் கேட்டால் ஒரு வசனமும் நினைவில் இருக்காது. போனில் வேதம் வாசிக்கிறவர்கள் நெட்டை அணைத்துவிட்டு வாசியுங்கள். கைக்கு அடக்கமான புதிய ஏற்பாடு ஒன்று பையில் இருந்தால் இன்னும் நல்லது, அதற்குள் நோட்டிபிகேஷன் வராது. டியூட்டி நேரத்தில் வேதத்தை விரித்து உட்காருவதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. நோயாளியின் நேரத்தை எடுத்துத் தேவனுக்குக் கொடுக்க முடியாது. நோயாளி கேட்காமல் அவர் படுக்கையருகே சத்தமாக ஜெபிப்பதும் அப்படித்தான். அவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம், படுத்துக் கிடக்கிறவருக்கு மறுக்கத் தைரியம் வராது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். இதைத்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். கிறிஸ்தவப் பெண்களுக்கு நேரம் இல்லை என்றால், அந்த நேரம் எங்கே போனது என்று வீட்டார் பார்க்க வேண்டும். என்னிடம் ஒரு நர்ஸ் சொன்னது: "ராத்திரி ஒன்பதரைக்குக் குடும்ப ஜெபம் அக்கா. அவர் நீளமா ஜெபிப்பார். நான் நடுவுல தூங்கிடுவேன். பிள்ளைகள் முன்னாலேயே, உனக்கு ஆண்டவர்மேல் பயமில்லைன்னு திட்டுவார்." அந்தப் பெண் காலை ஐந்தரையிலிருந்து நிற்கிறாள். சமையல், டியூட்டி, மறுபடி சமையல். ஜெபத்துக்கு முன் பாத்திரம் கழுவியதும் அவள்தான். தம் பாதத்தருகே உட்காராமல் வீட்டு வேலையிலேயே ஓடிய மார்த்தாளை ஆண்டவர் அன்போடு திருத்தினார் என்று நாம் பிரசங்கம் கேட்கிறோம். ஆனால் நம் வீட்டு மார்த்தாள் உட்கார வேண்டுமானால், சமையலறையில் யாராவது எழுந்து நிற்க வேண்டும்.

அந்தக் கணவரிடம் நான் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை, யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை, அவ்வளவுதான். குடும்ப ஜெபத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றச் சொன்னேன். எல்லாரும் பசியோடு விழித்திருக்கும் நேரம் அது. பத்து நிமிடம் போதும். சின்னவன் வசனம் வாசிக்கட்டும், பெரியவள் ஒரு கீர்த்தனை பாடட்டும், ஒருவர் ஜெபிக்கட்டும். மனைவிக்கு நைட் இருக்கும் வாரத்தில் அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தலையில் கைவைத்து ஒரு ஜெபம், அதுவே அன்றைய குடும்ப ஜெபம். பகலில் அவள் தூங்கும் ஆறேழு மணி நேரம் வீட்டில் டிவி சத்தம் வேண்டாம், உறவினர் வந்தால் மாமியார் பார்த்துக்கொள்ளட்டும். "தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று சங்கீதம் 127 சொல்கிறதே. அவர் கொடுப்பதை நாம் காலிங் பெல் அடித்துப் பறிக்கலாமா?

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். சில பேருக்கு நேரம் இருக்கும், இடமும் இருக்கும், ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வராது. பாட்டு கசக்கும். காரணமில்லாமல் அழுகை வரும். படுத்தாலும் தூக்கம் வராது, பசிக்காது, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலி மனாஸ் மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. போதகர்களும் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் நல்லது. ஜெபமும் செய்யுங்கள், மருந்தும் சாப்பிடச் சொல்லுங்கள்.

என்னைப் போல டியூட்டி போடும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு ஆராதனை என்பது ஒரு நர்ஸுக்கு மாதத்தில் ஒரு தடவையாவது கிடைக்க வேண்டும். முன்பெல்லாம் நான் ரோஸ்டரைப் போட்டு முடித்துவிட்டு, "ஞாயிறு மாத்திக் கொடுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுகிறவர்களைச் சமாளிப்பேன். கெஞ்சத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும், வாய் திறக்காதவர்களுக்குக் கிடைக்காது. இரண்டு வருஷத்துக்கு முன் அதை மாற்றினேன். 20-ஆம் தேதியே நர்சிங் ஸ்டேஷனில் ஒரு தாளை ஒட்டிவிடுவேன். அடுத்த மாதம் தனக்கு முக்கியமான ஒரு நாளை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். திருவிருந்து ஞாயிறு கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜும்மா தொழுகைக்கு வெள்ளி மதியம் கேட்கும் சிஸ்டர் இருக்கிறார். கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போகிறவர் இருக்கிறார். அவர்களுக்குள்ளேயே பேசி மாற்றிக்கொள்கிறார்கள். ஈஸ்டர் அன்று டியூட்டி பார்ப்பது யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் நாங்கள் நிற்பதால், அவர்களாகவே பெயரை எழுதியிருந்தார்கள்.

அன்று அழுத நர்ஸ் சாயங்காலம் போன் பண்ணினார். நான்கு மணி வரை தூங்கியிருக்கிறார். பொருத்தனையை மீறியது பாவமா என்று கேட்டார். அவருடைய சபைப் போதகர் ஐயரிடம் போய்ப் பேசச் சொன்னேன், அது என் வேலை இல்லை. எந்தச் செயலோடு ஜெபத்தைக் கட்டலாம் என்பதை மட்டும் சேர்ந்து யோசித்தோம். யூனிபார்ம் மாற்றும் அறையில் லாக்கரைப் பூட்டும் நேரம் என்று முடிவு செய்தார். சாவியைத் திருப்பிவிட்டு, கதவில் நெற்றியை வைத்து நிற்பாராம், காக்க வேண்டிய படுக்கை எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பாராம். இந்த மாதத் தாளில் அவர் கையெழுத்தில் முதல் ஞாயிறு எழுதியிருக்கிறது. 25-ஆம் தேதி ரோஸ்டர் போட உட்காருவேன்.